பழைய இமேஜ்செட்டருக்கு பிலிம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, “பதினான்கு அங்குல பிலிம் இருக்கிறதா?” என்று கேட்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. கடைக்காரர் இருக்கிறது என்பார். ரோல் பஸ்ஸில் ஹட்டனுக்கோ பதுளைக்கோ வந்து சேரும். இயந்திரத்தில் ஏற்றி ஓட்டினால் எழுத்து ஒன்றுமே இல்லாமல் வெளிறிய பிலிம் வெளியே வரும், அல்லது முழுவதும் கறுத்துப்போய் வரும். அகலம் பொருந்திவிட்டது, ஒளி பொருந்தவில்லை. திருமண அழைப்பிதழுக்கும் தேர்த்திருவிழா நோட்டீசுக்கும் நாள் குறித்துக் கொடுத்துவிட்ட அச்சகத்துக்கு இந்த நட்டம் சிறியதல்ல. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இமேஜ்செட்டர் என்பது கணினியில் அமைத்த பக்கத்தை லேசரால் பிலிமில் எழுதும் இயந்திரம். அந்த பிலிமை வைத்துத்தான் அச்சுப் பிளேட் அடிக்கப்படுகிறது. எந்த லேசர் என்பதுதான் எந்த பிலிம் என்பதைத் தீர்மானிக்கிறது. லைனோட்ரானிக் 300 போன்ற பழைய இயந்திரங்களில் இருப்பது ஹீலியம்-நியான் லேசர். அதன் அலைநீளம் 633 நானோமீற்றர். பின்னால் வந்த பல இயந்திரங்களில் 650 முதல் 680 நானோமீற்றர் வரையிலான சிவப்பு டயோட் லேசர் இருக்கிறது. சிலவற்றில் 780 நானோமீற்றர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டயோட். இன்னும் சிலவற்றில் 488 நானோமீற்றர் நீல ஆர்கன் லேசர். 633க்கும் சிவப்பு டயோடுக்கும் சேர்த்தே தயாரிக்கப்பட்ட பிலிம்கள் உண்டு. அகச்சிவப்புக்கும் ஆர்கனுக்கும் அப்படிப் பொதுவான பிலிம் கிடைக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது.

இயந்திரத்தின் மாதிரிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வெளிவந்த இயந்திரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு லேசர் மாறியிருக்கலாம், பழுதுபார்த்தவர் வேறொன்றைப் பொருத்தியிருக்கலாம். மூடியின் உட்புறத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் மஞ்சள் லேசர் எச்சரிக்கைத் தாளில் அலைநீளம் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதைச் சொல்லி பிலிம் கேளுங்கள். மூடியைத் திறந்து ஓடவிட்டு ஒளியின் நிறத்தைப் பார்க்க முயல வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான் கண்ணுக்கு மிக ஆபத்தானது.

அடுத்தது, பெயரில் ஏமாறுவது. கடைகளில் “பொசிட்டிவ் பிலிம்” என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இங்க்ஜெட் பிரிண்டருக்கானது. அதில் ஒளியை உணரும் வெள்ளி உப்பே கிடையாது, இமேஜ்செட்டரில் அது வெறும் பிளாஸ்டிக் தாள். ஒரு பிலிமிலிருந்து இன்னொரு பிலிமுக்குப் பிரதி எடுக்கப் பயன்படும் கொன்டாக்ட் பிலிம் இன்னும் ஏமாற்றும். வெள்ளி உப்பு இருக்கும், ரோலாகவும் வரும், பெட்டியும் அதேபோல இருக்கும். ஆனால் அது புறஊதா ஒளிக்கும் நீல ஒளிக்கும் மட்டுமே இணங்கும், சிவப்பு லேசரை அது உணராது. அச்சுக்காகப் பக்கங்களைப் படமெடுத்த பழைய புரொசஸ் கெமராவில் பயன்படுத்திய லித் பிலிமும் சிவப்பை உணராது.

இங்கேதான் இருட்டறை விளக்கின் கதை வருகிறது. லித் பிலிமோடு பழகிய அச்சகங்களில் சிவப்பு மின்குமிழ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். சிவப்பு லேசருக்கான பிலிமை அந்த வெளிச்சத்தில் பிரித்தால் அந்த நிமிடமே அது கெட்டது. சிவப்பை உணர்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அல்லவா! அதற்கு மங்கலான பச்சை விளக்கு வேண்டும், அல்லது முழு இருட்டு. பச்சை விளக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வெளிச்சம் படாத ஒரு துண்டு பிலிமை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். ஐந்து நிமிடம் விளக்கை எரியவிட்டுப் பிறகு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு பாதுகாப்பானதல்ல. கெட்டது பிலிம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ரோலைப் பற்றியும் சில கேள்விகள் உண்டு. ஒளியை உணரும் பூச்சு உட்பக்கமாகச் சுற்றியதா, வெளிப்பக்கமாகச் சுற்றியதா? தவறாக ஏற்றினால் லேசர் பின்புறத்தின் வழியாகப் போக வேண்டியிருக்கும். அங்குள்ள சாயப்பூச்சு ஒளியை விழுங்கிவிடும், படம் மங்கும் அல்லது வராது. நடுவிலுள்ள குழலின் விட்டம் ரோலை வைக்கும் உங்கள் கசெற்றில் பொருந்துமா? கனம் என்ன? பொதுவாக வருவது 0.10 மில்லிமீற்றர். மின்சுற்றுப் பலகைத் தொழிலுக்கான சிவப்பு லேசர் பிலிம் அச்சுத்துறைக்கு வெளியே கிடைக்கும் நல்ல மாற்று வழி, ஆனால் அது பெரும்பாலும் 0.18 மில்லிமீற்றர். அந்தக் கனத்தை உங்கள் இயந்திரத்தின் உருளைகளும், பிலிமைக் கழுவும் புரொசசரும் இழுக்குமா என்று கையேட்டில் பார்க்காமல் வாங்கினால் உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும்.

காலாவதியான பிலிமை மலிவாகக் கொடுத்தால் வேண்டாமென்று ஒதுக்க வேண்டியதில்லை, சோதித்து வாங்கலாம். வெளிச்சம் படாத துண்டை டெவலப் செய்தால் கண்ணாடிபோலத் தெளிவாக வர வேண்டும். சாம்பல் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மலையகத்தின் குளிர் பிலிமுக்கு நல்லது, ஈரம்தான் எதிரி. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ரோலை எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் மேலே நீர் படிந்து புள்ளிபுள்ளியாகக் கறை விழும். உறை பிரிக்காமல் ஒரு நாள் முழுவதும் அறையில் வைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். பொலியெஸ்டரும் ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். நான்கு வண்ண வேலையென்றால் நான்கு பிலிமையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். இரண்டை இன்று வெயிலிலும் இரண்டை நாளை மூடுபனியிலும் எடுத்துவிட்டு, அச்சில் வண்ணம் ஒன்றோடொன்று சேரவில்லை என்று இயந்திரக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

உருவத்தை வரவழைக்கும் மருந்தான டெவலப்பர் பிலிமுக்குப் பொருந்த வேண்டும். இந்த பிலிம்கள் பெரும்பாலும் ரெப்பிட் எக்ஸஸ் என்ற வேகமான டெவலப்பரில், 35 பாகை செல்சியஸ் அளவில், அரை நிமிடத்தில் கழுவப்படுபவை. பழைய லித் டெவலப்பர் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. குளிர்ந்த காலை நேரத்தில் வெப்பம் ஏறும்வரை பொறுத்திருந்து தொடங்குங்கள். உருவத்தை நிலைநிறுத்தும் மருந்தான பிக்ஸர் தீர்ந்தபோது அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, அதைக் கானில் கொட்டுவது பெருந்தவறு. மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. கலனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள்.

எல்லாம் பொருந்திய பிறகும் பழைய லேசர் அளவிலேயே புதிய பிலிமை ஓட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஒவ்வொரு பிலிமும் வேறு வேறு ஒளியளவு கேட்கும். கறுப்புப் பகுதியின் அடர்த்தி 4.0 அளவில் இருந்தால் பிளேட் அடிக்கும்போது புறஊதா ஒளி நன்றாகத் தடைபடும். கண்ணுக்கு 3.0உம் 4.0உம் ஒரே கறுப்புத்தான். அடர்த்தியை அளக்கும் கருவியான டென்சிற்றோமீற்றர் இல்லாதவர் அது இருக்கும் அச்சகத்தில் ஒரு துண்டைக் கொடுத்து அளந்துகொள்வதே சரி.

அடர்த்தி கிடைக்கட்டுமென்று ஒளியை ஏற்றிக்கொண்டே போனால் தமிழ் எழுத்துத்தான் அடிபடும். எழுத்து கறுப்பாக வரும் பொசிட்டிவில் கோடுகள் தடித்து ண, ஞ, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். எழுத்து தெளிவாகவும் பின்னணி கறுப்பாகவும் வரும் நெகடிவில் கோடுகள் மெலிந்து, சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளியே காணாமல் போகும். சோதனைக்கு ஆங்கில எழுத்துள்ள ஆயத்தப் பக்கத்தை ஓட்டுவதை விட்டுவிடுங்கள். “கண்ணன், மஞ்சள், ஒற்றுமை” போன்ற சொற்களை 6, 8, 10 பொயின்ட் அளவுகளில் அமைத்து, பக்கத்தில் 5, 50, 95 சதவீதச் சாயல் திரைகளையும் வைத்து, ஒளியளவைப் படிப்படியாக மாற்றி எடுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் மெய்யின் புள்ளி வட்டமாகவும் சுழி திறந்தும் இருக்கும் அளவு எதுவென்று தெரியும். அந்த அளவில் 4.0 கிடைக்கவில்லையென்றால் குறை பிலிமிலோ டெவலப்பரிலோ இருக்கிறது. ஒளியை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

கிடைத்த அளவை பிலிம் பெட்டியின் மூடியிலேயே தொகுதி எண்ணோடு எழுதிவையுங்கள். தொகுதி எண் மாறினால், அதே கம்பனியின் அதே பிலிமாக இருந்தாலும், இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். அடுத்த முறை மொத்தமாக வாங்க நினைத்தால், முதலில் ஒரே ஒரு ரோலை வாங்கி ஓட்டிப் பார்த்து, திருப்தியானால் மிச்சத்தை அதே தொகுதியிலிருந்து ஒதுக்கிவைக்கும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.