திரிகோணமிதி முற்றொருமைகள்: எதை எங்கே போடுவது, எங்கே வழுக்கும்

முற்றொருமைகள் (எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகள்) பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த மூன்று வரி கையில் இருந்தால் பெரும்பாலான கணக்குகள் ஓடிவிடும்:

சைன்²θ + காஸ்²θ = 1
சைன் 2θ = 2 சைன் θ காஸ் θ
காஸ் 2θ = 1 − 2 சைன்²θ = 2 காஸ்²θ − 1

டேன், செக் வேண்டுமென்றால் முதல் வரியைக் காஸ்²θ-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கோணம் எல்லாம் ரேடியனில். ∫ குறிக்குப் பின்னால் வரும் டிθ-வை இங்கே இடம் கருதி விட்டிருக்கிறது. விடைத்தாளில் விட்டால் மதிப்பெண் போகும்.

சமன்பாடு

சைன் 2θ = சைன் θ, 0 ≤ θ < 2π என்று எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தை விரித்ததும் இரு பக்கமும் சைன் θ தெரியும். உடனே அடித்துவிடத்தான் கை போகும். அடித்தால் காஸ் θ = 1/2 மட்டும் மிஞ்சி, π/3, 5π/3 என்று இரண்டு தீர்வோடு நின்றுவிடும். அடிக்காமல் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்:

சைன் θ (2 காஸ் θ − 1) = 0

இப்போது 0, π இரண்டும் சேர்ந்து நான்கு தீர்வு. சுழியாகக்கூடிய ஒன்றால் வகுத்தால் தீர்வு தொலையும்.

வர்க்கப்படுத்தினால் நேர்மாறு, போலித் தீர்வு நுழையும். சைன் θ + காஸ் θ = 1-ஐ வர்க்கப்படுத்தினால் சைன் 2θ = 0; அதிலிருந்து 0, π/2, π, 3π/2. கடைசி இரண்டையும் பழைய சமன்பாட்டில் போட்டால் −1 வருகிறது. தள்ளிவிடுங்கள்.

தொகையிடல்

முதலில் படியைப் பாருங்கள். சைன், காஸ் இரண்டில் ஏதாவது ஒன்றின் படி ஒற்றைப்படை என்றால் வேலை சுலபம். ∫ சைன்³θ காஸ்²θ-இல் ஒரு சைனைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி சைன்²θ-வை 1 − காஸ்²θ ஆக்கி, காஸ் θ = ப எனப் பிரதியிடுங்கள். ப-வின் வகைக்கெழு −சைன் θ. தனியே வைத்த சைன் அதில் கரைந்து ஒரு கழித்தல் குறியை விட்டுப் போகும். விடை: −ப³/3 + ப⁵/5 + மாறிலி. ப இருந்த இடத்தில் மறுபடி காஸ் θ எழுத மறக்காதீர்கள்.

இரண்டும் இரட்டைப்படை என்றால் இந்த வித்தை பலிக்காது. கோணத்தை இரட்டித்துப் படியைக் குறைக்க வேண்டும்:

சைன்²θ = (1 − காஸ் 2θ)/2
∫ சைன்²θ = θ/2 − (சைன் 2θ)/4 + மாறிலி

அந்த 4-ஐ 2 என்று எழுதுவது வழக்கமான பிழை. காஸ் 2θ-வைத் தொகையிடும்போது இன்னொரு 1/2 வருகிறது. சைன்²θ காஸ்²θ வந்தால் இரண்டையும் தனித்தனியே விரிக்காதீர்கள். அது (சைன்² 2θ)/4, அதாவது (1 − காஸ் 4θ)/8.

வர்க்கமூலம் வந்தால்

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். 0 முதல் π வரை ∫ √(1 + காஸ் 2θ). உள்ளே இருப்பது 2 காஸ்²θ. வெளியே எடுத்தால் √2 காஸ் θ என்று எழுதுவார்கள். தொகையிட்டால் விடை 0 வரும். ஆனால் வர்க்கமூலம் எங்கேயும் எதிர்க்குறி ஆவதில்லை, π/2-இல் மட்டுமே சுழியைத் தொடுகிறது. அதன் பரப்பு எப்படி 0 ஆகும்?

சரியானது √2 |காஸ் θ|. π/2-க்கு அப்பால் காஸ் எதிர்க்குறி என்பதால் அங்கே உடைத்து, இரண்டாம் பாதிக்குக் குறியை மாற்றுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் √2, மொத்தம் 2√2.

சரிபார்த்தல்

முற்றொருமையைச் சோதிக்க டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியில் இரு பக்கத்தையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பார்த்தால் போதும். விடையைச் சோதிக்கக் கால்குலேட்டரே நல்லது, ஆனால் ரேடியனில் வையுங்கள். டிகிரியில் இருந்தாலும் முற்றொருமை பொருந்திவிடும், அதனால் சந்தேகமே வராது, தொகையிடல்தான் கெடும். 0 முதல் 1 வரை ∫ சைன்²θ = 0.2727. டிகிரியில் விட்டால் அதே சூத்திரம் 0.4913 காட்டும்.

பின்சேர்க்கை: விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லையா?

∫ சைன் θ காஸ் θ-வுக்கு ஒருவர் (சைன்²θ)/2 எழுதுவார், இன்னொருவர் −(காஸ்²θ)/2, மூன்றாமவர் −(காஸ் 2θ)/4. மூன்றும் சரி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் 1/2. முதலுக்கும் மூன்றாவதுக்கும் 1/4. அது மாறிலிக்குள் அடங்கிவிடும். சந்தேகம் வந்தால் உங்கள் விடையிலிருந்து புத்தக விடையைக் கழித்து, θ-வுக்கு 0, 1, 2 போட்டுப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எண் வராவிட்டால் எங்கோ குறியோ எண்ணோ மாறியிருக்கிறது. பிரதியிட்ட வரியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.