பெங்களூரில் ஒரு சனி, ஞாயிறு: எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்

ஊருக்கு வரும்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி வீட்டிலோ மச்சான் வீட்டிலோ ஒரு சனி, ஞாயிறு தங்கிப்போகும் வெளிநாட்டுத் தமிழர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு அந்த இரண்டு நாளும் காருக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. ஊரின் நான்கு மூலைகளையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். சனிக்கிழமையை பசவனகுடிக்கும், ஞாயிற்றுக்கிழமையை அல்சூருக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் மெட்ரோவிலேயே போகலாம்.

சனிக்கிழமை காலை, பச்சைத் தடத்தில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி காந்தி பஜாருக்கு ஆட்டோ பிடியுங்கள். 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் என்ற உணவகம் அங்கேதான். வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே போவது நல்லது. பரிமாறுபவர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோள்வரை அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து வருவார். நம் ஊர் ரோஸ்ட் போல மெல்லியதல்ல இந்தத் தோசை. சின்னதாக, கனமாக இருக்கும். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று. இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஏனென்றால் அடுத்த கடைக்கும் வயிற்றில் இடம் வேண்டும்.

அப்படியே பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடா கட்டியதாகச் சொல்லப்படும் பெரிய நந்தி கோயிலுக்கு நடந்து போய்வந்தால் மறுபடி பசிக்கும். இப்போது சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார். இட்லி, வடை, காராபாத் (ரவா உப்புமா), கேசரிபாத் (கேசரி), காபி, டீ: கிட்டத்தட்ட இவ்வளவுதான் பட்டியல். சாம்பார் கிடையாது. தேங்காய்ச் சட்னியைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், நின்றபடியே சாப்பிட வேண்டும். நான் ஒரே ஒரு கடைக்குத்தான் கூட்டிப்போக முடியும் என்றால் இங்கேதான் போவேன். ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமையே போய்விடுங்கள்.

இப்படி நின்று சாப்பிடும் கடைகளை இங்கே தர்ஷினி என்பார்கள். முதலில் கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, அதை உள்ளே கொடுக்க வேண்டும். எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து கட்டுவார்கள்; உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். மற்ற கடைகளில் சாம்பார் வெல்லம் போட்டு இனிப்பாக வரும். அது இந்த ஊர்ச் சுவை, குறை நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் குடிக்க ‘பிசி நீரு’ என்று கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

மதியத்துக்கு முன் லால்பாக். ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். லண்டன்காரர்களுக்குக் கண்ணாடி மாளிகை பிடிக்கும். அங்கிருந்த கிரிஸ்டல் பேலஸை மாதிரியாக வைத்துக் கட்டியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பாறைமேல் ஏறுங்கள். அதன் வயது ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுகள். பக்கத்திலேயே 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது. உலகப் போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் ரவா இட்லி பிறந்தது அங்கேதான் என்பார்கள். மாலை ஆறு மணிக்கு வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவுக்குப் போனால் சுடச்சுடப் போளி கிடைக்கும். குளிர்காலமானால் பச்சை மொச்சை போட்ட தோசையை விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு, ஊதாத் தடத்தில் ஹலசூரு நிலையம். அல்சூரைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. சோமேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போங்கள். அங்கிருக்கும் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டும் கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். தமிழ்ச் சங்கமும் பக்கத்தில்தான்.

கடைகளிலும் ஆட்டோவிலும் தமிழ் புரிபவர்கள் ஏராளம். இருந்தாலும் முதல் வார்த்தை கன்னடத்தில் ஒரு ‘நமஸ்காரா’வாக இருக்கட்டும். அவர்கள் தமிழில் பதில் சொன்னால் பிறகு நம் பாஷையிலேயே பேசிக்கொள்ளலாம்.

ஞாயிறு மாலையே விமானம் என்றால் பகல் சாப்பாட்டை அல்சூரிலேயே முடித்துவிடுங்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். ‘வாயு வஜ்ரா’ பேருந்தில் பெட்டி வைக்கவும் இடம் உண்டு, டாக்சியைவிடச் செலவும் குறைவு.