இடக்கைப் பிள்ளைக்கு எழுதப் பழக்குவது எப்படி?

வெள்ளவத்தையில், என் வீட்டு விறாந்தையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குகிறேன். "ரீச்சர், இவனை எப்படியாவது வலக்கைக்கு மாத்திவிடுங்கோ" என்று வருகிற அம்மாமாருக்கு என் பதில் ஒன்றுதான்: கையை விடுங்கோ, கொப்பியைத் திருப்புங்கோ.

கொப்பியை நெஞ்சுக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வையுங்கள். பிறகு மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சரியுங்கள். மேல் இடது மூலை உயர வேண்டும். நேராக வைத்தால் பிள்ளை தான் எழுதுவதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டை வரிக்கு மேலே வளைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று எழுதி முடிப்பதற்குள் சின்னி விரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரம் கறுத்து, முதல் 'அ' மங்கிவிடும். பென்சிலை முனையிலிருந்து 3 சென்ரிமீற்றர் மேலே பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு ரப்பர் பட்டியைச் சுற்றிவிட்டால் விரல் தானாக நிற்கும். பேனை பிடிக்கும் வயது வந்தால், மை சீக்கிரம் காயும் போல்பொயின்ற் போதும். ஜெல் பேனை வேண்டாம்.

பார்த்து எழுதும் கொப்பிகளில் மாதிரி எழுத்து இடது ஓரத்தில் இருக்கும். பிள்ளையின் கையே அதை மறைத்துவிடும். பிழை விட்டால் திட்டு வேறு! வலது ஓரத்திலும் அதே எழுத்தை நீங்கள் எழுதிவிடுங்கள். சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கும்போது பக்கத்தில் இருக்காமல் எதிரே இருங்கள். உங்கள் வலக்கை செய்வதைப் பிள்ளை இடக்கையால் அப்படியே செய்யும்.

வாங்கில் இடது ஓரம்தான் இவர்களுக்கு. நடுவில் இருத்தினால் முழங்கை இடித்தே சண்டை வரும். கத்தரிக்கோல் இடக்கைக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணமானதில் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

சாப்பாட்டுக்கும் விபூதி வாங்கவும் வலக்கை என்று அப்பம்மா சொன்னால், சரி, அதை ஆறுதலாகப் பழக்கலாம். எழுதும் கையில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

ஓகஸ்ட் 13 இடக்கையாளர் நாள். 1976இல் அமெரிக்காவில் தொடங்கியது. உலகத்தில் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்பதால், எந்த வகுப்பிலும் கொண்டாட ஆள் கிடைக்கும். நான் பெடியன்களுக்கு இலங்கைக் கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸ் கதை சொல்வேன்: 2001இல் இங்கே கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில், இடக்கையால் வீசி, சிம்பாப்வேயின் எட்டு விக்கெட்டை 19 ஓட்டத்துக்கு எடுத்தவர். ஒருநாள் போட்டியில் எட்டு எடுத்த முதல் ஆள் அவர்தான். (மிச்சம் இரண்டும் முரளிக்கு.) அப்புறம் வலக்கைக்காரர் எல்லாரும் இடக்கையால் தங்கள் பெயரை எழுத வேண்டும். கூட்டிப்போக வரும் அம்மா அப்பாவுக்கும் விலக்கில்லை. சிவப்புப் பேனையை இடக்கைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், புள்ளி போடட்டும்.