குளிர்கால ஒன்றுகூடலுக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது எப்படி? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

நத்தார் தொடங்கித் தைப்பொங்கல் வரை ரொறன்ரோ பகுதித் தமிழர் வீடுகளில் ஒன்றுகூடல்கள் ஓயாமல் நடக்கும். ஊரில் இதைவிடப் பெரிய கூட்டம் கூடினாலும் கதவும் யன்னலும் திறந்திருப்பதால் புகை தன் பாட்டில் வெளியேறிவிடும். இங்கோ, பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு, உள்ளே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், அடுப்பு, மெழுகுதிரி அனைத்தையும் எரிக்கிறோம். அதனால், கீழே வரும் படிகளில் முதல் இரண்டையும் விருந்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது.

படி 1: அலாரங்களைச் சோதியுங்கள்

வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். எரிவாயு ஃபர்னஸோ கணப்படுப்போ வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், எரிபொருள் எரியும்போது உண்டாகும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டைக் கண்டறியும் அலாரமும் கட்டாயம். வாடகை வீட்டில் இவற்றைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. பேஸ்மன்டில் குடியிருப்பவர்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம். சோதனைப் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் திகதியையும் பார்த்து, பத்து ஆண்டுகளைக் கடந்த புகை அலாரத்தை மாற்றிவிடுங்கள்.

செத்தல் மிளகாயைத் தாளிக்கும்போது அலாரம் அலறுகிறது என்பதற்காகப் பற்றரியைக் கழற்றிவைப்பதும், குளியல் தொப்பியால் அதை மூடிக் கட்டுவதும் நம்மவர் வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை. கழற்றிய பற்றரி திரும்ப உள்ளே போவது அரிது. அதற்குப் பதிலாக, எண்ணெய் காய்வதற்கு முன்பே அடுப்பின் மேலுள்ள புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். அதையும் மீறி அலாரம் அடித்தால், அதிலுள்ள அமைதிப் பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்கள் ஓய்ந்திருந்துவிட்டுத் தானாகவே மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

படி 2: காபன் மொனொக்சைட் சேரும் வழிகளைத் தடுத்துவிடுங்கள்

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால், உணவைச் சந்தேகிப்பதற்கு முன் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

வெளிச்சுவரில் தரைக்குச் சற்று மேலே நீண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், புதிய வகை ஃபர்னஸ்களின் காற்றுக் குழாய்களாகும். பெரும் பனி பொழிந்த பிறகு வாசலைத் துப்பரவாக்குவதற்கு முன்பே அவற்றைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். வீட்டுக்குள் மீன் வாடை பரவக் கூடாது என்று கராஜுக்குள் புரொப்பேன் அடுப்பை வைத்துப் பொரிப்பதும் கொத்து போடுவதும் நம் வழக்கமாகிவிட்டது. கராஜ் கதவைப் பாதி திறந்துவைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அடுப்பை முற்றிலும் வெளியே, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்கவும் வேண்டாம்.

படி 3: வெப்பமூட்டியும் வெளியேறும் வழியும்

சிறிய மின் வெப்பமூட்டி பெரும்பாலும் 1,500 வாட் மின்சாரம் இழுக்கும். 120 வோல்ட், 15 அம்பியர் சுற்றின் கொள்ளளவே 1,800 வாட்தான். எனவே அதை நீட்டிப்பு வயரில் பொருத்தாமல் நேராகச் சுவரில் பொருத்துங்கள். சுற்றிலும் ஒரு மீற்றர் வெறுமையாக இருக்கட்டும். விருந்தினர் தம் தடித்த கோட்டுகளைக் கட்டிலில் குவிக்கும் அறையில் வெப்பமூட்டியே வேண்டாம். பேஸ்மன்டில் கூடுவதென்றால், பக்கக் கதவின் படிகளில் காலணிகள் மலைபோல் சேர்ந்துவிடும். அவசரத்தில் எல்லோரும் ஓட வேண்டிய வழி அதுதான் என்பதால், மேலே ஒரு தட்டு வைத்து அங்கேயே கழற்றச் சொல்லுங்கள்.

நத்தார் மரம் உண்மையானது என்றால் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகுதிரியும் குத்துவிளக்கும் திரைச்சீலைக்கு அருகில் வேண்டாம்.

படி 4: உணவின் நேரத்தைக் கவனியுங்கள்

உறைந்த வான்கோழியை வாங்கினால், குளிர்சாதனப் பெட்டிக்குள் கிலோவுக்குப் பத்து மணிநேரம் என்ற கணக்கில் உருகவிடுங்கள். 5 கிலோ பறவைக்கு இரண்டு நாளுக்கு மேல் செல்லும். முழு வான்கோழியின் உள்வெப்பம் 82 பாகை செல்சியஸை எட்ட வேண்டும் என்கிறது ஹெல்த் கனடா.

நம் விருந்துகளில் வான்கோழியைவிட அதிகம் கவனிக்க வேண்டியது சோறு என்பேன். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் பக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் அழிவதில்லை. பிரியாணி அண்டா மேசையில் மணிக்கணக்காக ஆறிக்கொண்டிருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. எனவே இரண்டு மணிநேரத்துக்குள் மிச்சத்தை ஆழமற்ற தட்டுகளில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

படி 5: வருகையும் புறப்பாடும்

காய்ச்சலோ இருமலோ உள்ளவர்களை அடுத்த முறை வரச் சொல்லுங்கள். கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் இதில் முகத்தாட்சணியம் பார்க்கக் கூடாது. விருந்தினர் வருமுன் படிகளில் உப்புத் தூவுங்கள். கடுங்குளிரில் பனி அள்ளுவது இதயத்துக்குப் பெரும் சுமையாதலால், இதய நோயுள்ளவர்கள் அதைப் பிறரிடம் விட வேண்டும்.

G2 உரிமம் (முழு ஓட்டுநர் உரிமத்துக்கு முந்தைய கட்டம்) உள்ளவர்களும் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் ஒரு துளி மதுவும் அருந்திவிட்டு வாகனம் ஓட்ட ஒன்ராறியோச் சட்டம் இடமளிப்பதில்லை. யார் காரில் யார் திரும்புவது என்பதை முதல் போத்தலைத் திறக்கும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள். இல்லையேல் மேலதிகப் பாய்களை எடுத்துவைத்து இரவு தங்கச் சொல்லுங்கள்.