நெடுந்தீவுப் படகில் நாயோடு: கோடையில் செய்யக்கூடாதவை

போன ஞாயிறு, யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பெடியன் நாயோடு நின்றான். நாயின் வாயை லேஞ்சியால் இறுக்கிக் கட்டியிருந்தான். ஓடிப்போய் அவிழ்க்கச் சொன்னேன். தண்ணீர் கொண்டுபோவது, கயிற்றைப் பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

வாயைக் கட்டுவது

என் நாய் ரைகரை முதன்முதலாக நெடுந்தீவுக்குக் கூட்டிப்போனது ஒரு சித்திரையில். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கவில்லை, கடலில் ஒரு பொட்டுக் காற்றில்லை. பக்கத்தில் இருந்த அம்மா "தம்பி, கடிக்குமோ?" என்று கேட்டார். அவருக்குப் பயமில்லாமல் இருக்கட்டும் என்று வாயைக் கட்டினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தானே.

ரைகர் சத்தமில்லாமல் படுத்திருந்தான். நல்ல பிள்ளையாக இருக்கிறான் என்று நினைத்தேன். பாதிக் கடலில் பார்த்தால் துணியின் ஓரத்தால் தடித்த எச்சில் வழிகிறது, முரசு (பல் ஈறு) செக்கச்சிவந்து கிடக்கிறது, எழுப்பினால் பின்னங்கால் மடிகிறது. எதிரில் இருந்த ஒரு பெரியவர் "முதல்ல வாயை அவிழும்!" என்று கத்தினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை வயிற்றிலும் தொடையிலும் பாதத்திலும் ஊற்றி, பேப்பரால் விசிறிக்கொண்டே போனோம்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அந்த வாயைக் கட்டினால் சூடு உள்ளேயே ஏறும். வழக்கமாக 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாய் எழுந்து நடந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

வாயை மூடத்தான் வேண்டுமென்றால், உள்ளே வாயைத் திறந்து நாக்கை நீட்டக்கூடிய கூடு மாதிரியான வாய்ப்பூட்டு வாங்குங்கள். அதை ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். துணி, கயிறு, ரப்பர் எதுவும் வேண்டாம். இன்றைக்கும் ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கீழ்த்தட்டு நிழல்

நிழல் உண்டு, காற்று இல்லை. எஞ்சின் சூடும் டீசல் மணமும் வேறு. படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, காற்றுப்படும் நிழலில் இடம்பிடியுங்கள். இடமில்லையென்றால் அடுத்த படகில் போங்கள்.

ஈரத் துவாயால் போர்த்துவது

துவாய் கொஞ்ச நேரத்தில் சூடேறி, உடம்புச் சூட்டை அடைத்துவிடும். தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்.

கடல்நீர்

நக்க விடாதீர்கள்.

மத்தியானம் ஊர் சுற்றுவது

நெடுந்தீவில் நிழல் குறைவு. கல்வேலிகளும் வெள்ளைத் தரையும் வெயிலைத் திருப்பி அடிக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். நாங்கள் காலைப் படகில் போய், வெயில் ஏறுமுன் அங்குள்ள பெருக்கமரத்தை (பாவோபாப்) பார்த்துவிட்டு, தெரிந்த வீட்டு மாமர நிழலில் ஒதுங்கிவிடுவோம்.

குதிரைகள்

தீவில் காட்டுக்குதிரைகள் திரியும். அங்கே நாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.