போஸ்தொய்னா குகை: முதலில் அருங்காட்சியகம், பிறகு குகை

ஸ்லொவேனியாவின் தலைநகரான லியூப்லியானாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போஸ்தொய்னா குகைக்கு வருவோரில் பலர், நுழைவுச்சீட்டு வாங்கியதும் நேராகக் குகை வாயிலில் போய் நின்றுவிடுகிறார்கள். அருகிலேயே இருக்கும் குகை அருங்காட்சியகத்தை, வெளியே வந்தபின் நேரம் மிஞ்சினால் மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. குகைச் சுற்றுலா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வழிகாட்டி கூட்டத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார். பார்ப்பது இன்னதென்று முன்பே அறிந்திருந்தால்தான் அந்த நேரம் பயன்படும்.

லியூப்லியானாவிலிருந்து ரயிலில் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். போஸ்தொய்னா ரயில் நிலையம் குகையிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கிருந்து அரை மணி நேரமாவது நடக்க வேண்டியிருக்கும். குகைச் சீட்டில் நுழைவு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கோடையில் கூட்டம் மிகுதி என்பதால் இணையத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். அருங்காட்சியகத்தையும் சேர்த்த சீட்டாக வாங்கி, நுழைவு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டால் பதற்றம் இருக்காது. குளிர்காலத்தில் சுற்றுலாக்களின் எண்ணிக்கை குறைவு. அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

அருங்காட்சியகத்தில் குறிப்பாக இரண்டு செய்திகளைப் புரிந்துகொண்டு வாருங்கள். முதலாவது, பாறை எவ்வாறு கரைந்து மீண்டும் பாறையாகிறது என்பது. மழைநீர் மண்ணில் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழிறங்குகிறது; குகையின் கூரையை அடைந்ததும் அவ்வாயு காற்றில் பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு படிகமாகத் தங்குகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, சொட்டிய இடத்திலிருந்து எழுவது கல்முளை, இரண்டும் கூடினால் தூண். வளர்ச்சி இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதை மனத்தில் கொண்டு பார்த்தால்தான், உள்ளே ஐந்து மீட்டர் உயரத்தில் வெண்மையாக மின்னும் ‘பிரில்லியன்ட்’ என்னும் கல்முளையின் வயது ஓரளவு உறைக்கும்.

இரண்டாவது, குகையின் மனித வரலாறு. உட்பகுதிக்கு வழி கண்டவர் லூக்கா செச் என்னும் உள்ளூர்த் தொழிலாளி, ஆண்டு 1818. மறு ஆண்டே குகை பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1872-இல் தண்டவாளம் போடப்பட்டபோது, வண்டியை வழிகாட்டிகளே கையால் தள்ளிச் சென்றார்கள். 1884-இல் மின்விளக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வாயிலருகே எரிபொருளைச் சேமித்து வைத்திருக்க, 1944-இல் அவர்களை எதிர்த்துப் போரிட்ட பார்ட்டிசான் என்னும் கெரில்லாப் படையினர் அதற்குத் தீ வைத்தனர். நுழைவுப் பகுதியின் சுவர்கள் கரி படிந்து கறுத்திருப்பது அதனால்தான். இது தெரியாதவர்கள் அதனைப் பாறையின் இயல்பான நிறம் என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

குகைக்குள் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 10 பாகையளவிலேயே இருக்கும். உள்ளே ஓடும் திறந்த ரயிலில் அமர்ந்து செல்லும்போது காற்று முகத்தில் அடிக்கும் என்பதால், வெளியே கடும் வெயிலாக இருந்தாலும் ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். தரை ஈரமாக இருக்கும். செருப்பைத் தவிர்த்து, வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி அணியுங்கள். 24 கிலோமீட்டர் நீளமுள்ள குகையில் பார்வையாளர்கள் காண்பது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்; அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே நடை, மீதி ரயிலில். நடையின் தொடக்கத்தில் ஓர் ஏற்றம் உண்டு. முதியவர்களை அழைத்துச் செல்வோர் ஸ்லொவேனியாவிலேயே உள்ள, பல நூறு படிகள் கொண்ட ஷ்கோட்சியான் குகைகளைவிட இதனையே தேர்ந்தெடுக்கலாம். ரயிலில் தலையையும் கையையும் வெளியே நீட்டக் கூடாது. சில இடங்களில் பாறை அந்த அளவுக்கு நெருங்கி வரும்.

ஏற்றம் முடிந்ததும் வருவது, முதல் உலகப் போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகள் கட்டிய பாலம். அதற்கு அப்பால் உள்ள கூடங்களில் நிறங்களைக் கவனியுங்கள்: தூய சுண்ணாம்புப் படிகம் வெள்ளை, இரும்பு கலந்தால் சிவப்பு. எதையும் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் வளர்ச்சி தடைப்படும். விளக்குகளை ஒட்டிப் பச்சையாகத் தெரிவது பாசி. அது குகைக்கு உரியதன்று, நமக்காக ஏற்றிய வெளிச்சத்தின் விளைவு.

நடையின் இறுதியில், கண்ணாடித் தொட்டியில் ‘மனித மீன்’ இருக்கும். பெயர் அப்படியானாலும் அது மீனன்று. பார்வையற்ற, வெளிறிய தோலுடைய நீர்நில வாழ்வி. பல ஆண்டுகள் உணவின்றி இருக்கக்கூடியது. 17ஆம் நூற்றாண்டில் வல்வசோர் என்னும் அறிஞர், மக்கள் இதனை டிராகனின் குட்டி என்று நம்பியதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒளி அதற்குத் துன்பம் தரும் என்பதால் ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. கூட்டம் தொட்டியைச் சூழ்ந்திருக்கும்போது முண்டியடிக்காமல், கடைசியில் நிற்பவராக இருந்துகொண்டு முன்னவர்கள் நகர்ந்தபின் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகியிருக்கும்.

மாலையில் நேரமிருந்தால், ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் குகை வாயிலிலேயே எழுப்பப்பட்டுள்ள பிரெட்யாமா கோட்டைக்குச் செல்லலாம். அதற்குச் சொந்த வண்டியோ டாக்சியோ இருந்தால் எளிது; குகைக்கும் கோட்டைக்குமான கூட்டுச்சீட்டைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.