வாகனக் காப்புறுதி வழக்குகளில் நாமே இழைக்கும் தவறுகள்

பட்டர்வொர்த்தில் எனக்கு நெருக்கமான குடும்பம் ஒன்று, கல்யாண வேலைக்கென்று தூரத்து உறவினர் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கொடுத்த மைவி காரை அதன் பிறகு கண்ணால் பார்க்கவில்லை. காப்புறுதியில் திருட்டுக்கு இழப்பீடு உண்டு என்று நம்பி அவர்கள் விண்ணப்பித்தார்கள். மறுப்புக் கடிதம்தான் வந்தது. உரிமையாளரின் சம்மதமின்றி எடுப்பதுதான் சட்டத்தின் பார்வையில் திருட்டு. நாமே சாவியைக் கொடுத்து, வாங்கியவர் காரோடு மறைந்துவிட்டால் அது நம்பிக்கை மோசடி. தண்டனைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட ஏமாற்றுதலாலும் நம்பிக்கை மோசடியாலும் நேரும் இழப்பை, மலேசியாவின் வழக்கமான தனியார் கார் காப்புறுதிப் பத்திரம் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. தெரிந்தவருக்கு வாடகைக்கு விடுவோரும், மீதித் தவணையை வாங்குபவரே கட்டுவார் என்ற ‘சம்புங் பாயார்’ முறையில் காரைக் கைமாற்றிவிடுவோரும் பத்திரத்தின் இந்தப் பகுதியைப் படிக்காமலே சாவியை நீட்டுகிறார்கள்.

அந்தக் குடும்பம் இரண்டாவதாக ஒரு தவறும் செய்தது. மறுப்பு வந்தபின், கார் வீட்டு வாசலிலிருந்து களவு போனதாக இன்னொரு போலீஸ் புகார் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது போலீஸ் புகாரைத்தான். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு புகார்கள் இருந்தால் குறுக்கு விசாரணையில் சாட்சியின் வார்த்தைக்கு மதிப்பே இருக்காது. நடந்ததை நடந்தபடி ஒரே முறை சொல்லுங்கள். புகார் மலாய் மொழியில் தட்டச்சாகும் என்பதால், மலாய் சரளமாக வராத பெரியவர்கள் அதை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திட வேண்டும். விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்வது சட்டக் கடமை என்பதால் அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

விண்ணப்பப் படிவத்தை முகவரிடம் விட்டுவிட்டு, வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுத் தருவது அடுத்த தவறு. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை பயனீட்டாளருக்குப் பெரிய பாதுகாப்பைத் தருகிறது: கேள்விகளைத் தெளிவாகக் கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு, தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுத்துக்கொள்வதே நம் பொறுப்பு, பதிலளிக்காமல் விட்ட கேள்வியை நிறுவனம் மேற்கொண்டு விசாரிக்காவிட்டால், பின்னாளில் அதைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் முகவர் நம் பெயரில் எழுதிய பொய்யான பதிலுக்குக் கீழே நம் கையெழுத்து இருக்கும்போது, இந்தப் பாதுகாப்பைக் கோருவது மிகவும் கடினமாகிவிடுகிறது.

2017 நவம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்த பினாங்குவாசிகளிலும், முழுக் காப்புறுதி என்றால் வெள்ளமும் அடங்கும் என்று இன்றும் எண்ணுவோர் உண்டு. இயற்கைப் பேரிடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டி வாங்கியிருக்க வேண்டும். செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் இ-ஹெய்லிங் ஓட்டுவதற்கும் அப்படியே. காப்புறுதித் தொகையைக் குறைத்துப் போட்டுச் சந்தா மிச்சம் பிடிப்பதும் கையைக் கடிக்கும்: சந்தையில் 50,000 ரிங்கிட் பெறும் காருக்கு 40,000 ரிங்கிட்டுக்கே காப்புறுதி எடுத்திருந்தால், அது சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்கும் கீழே என்பதால், 10,000 ரிங்கிட் சேதத்துக்கு அதே விகிதத்தில் 8,000 மட்டுமே கிடைக்கும்.

விபத்தில் காயமடைந்தவர் நம்மீது தொடுத்த வழக்கின் ஆவணத்தை, ‘கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று அலமாரியில் வைத்துவிடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்பினருக்கான தீர்ப்புத் தொகையை நிறுவனம் கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் நாம் நிபந்தனையை மீறியிருந்தால், கட்டிய தொகையை நம்மிடமிருந்தே திரும்பக் கேட்க அதற்கு வழியுண்டு. ஆவணம் கைக்கு வந்த அன்றே அதன் நகலை நிறுவனத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தவுடன் நேராக நீதிமன்றத்துக்கு ஓடுவதும் தவறுதான் என்பது என் கருத்து. பத்திரத்தின் சொற்களில் இருபொருள் இருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ளப்படும். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்தையே சேரும். இந்த வாதங்களை, கோலாலம்பூரில் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் முதலில் முன்வைக்கலாம். 250,000 ரிங்கிட் வரையிலான பிணக்குகளை அது விசாரிக்கிறது. அதன் முடிவை நாம் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. வழக்கை முன்கூட்டியே தொடுத்துவிட்டால் இந்த வாசல் அடைபட்டுவிடும். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், கடிதம் கிடைத்த தேதியை அதன் உறையின்மீதே எழுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.